கழல வேண்டிய தட்டு

ஏரிக்கரை கிளப்பின் பின்பக்கம், படகுகளுக்கு பெட்ரோல் ஊற்றும் இடத்தை அடுத்து, தகரம் வேய்ந்த ஓர் அறை. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். நீர்ச்சறுக்குப் பலகைகளைப் பூட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதும் அங்கேதான். அந்த வேலை அக்காவுடையது. அவளுடைய தம்பி அதே கிளப்பில் சறுக்கு ஆட்டக்காரன். கரைக்கு வந்ததும் வராததுமாக அவன் "அக்கா, அக்கா" என்று போடும் கூச்சலில் படகு டிரைவர், காவலாளி எல்லோருக்கும் அவள் அக்காவாகிப் போனாள். முதலாளி மட்டும் "ஏம்மா" என்பார். தம்பியை எல்லோரும் மீன்கொத்தி என்றார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு தோள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, சாய்ந்த வேகத்திலேயே எழுந்து போவான்.

அவன் ஆடுவது ஒற்றைப் பலகை ஆட்டம். இரண்டு காலும் ஒரே பலகையில், ஒன்றின் பின் ஒன்றாக. படகு நேராக இழுத்துக்கொண்டு ஓடும். ஆட்டக்காரன் இடமும் வலமுமாக வெட்டி மிதவைகளைச் சுற்றி வரவேண்டும். இரண்டு பூட்ஸும் ஒரு தட்டில் திருகப்பட்டிருக்கும். அந்தத் தட்டைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பவை பற்றுப்பட்டைகள். பட்டை முழுக்கக் கடுகைவிடச் சிறிய பிளாஸ்டிக் காளான் தலைகள். தட்டின் அடியில் ஒரு பட்டை, பலகையின் மேல் ஒரு பட்டை. வைத்து அழுத்தினால் தலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆட்டக்காரன் விழும்போது தட்டு பிய்த்துக்கொண்டு வரவேண்டும். வந்தால் இரண்டு காலும் சேர்ந்து விடுபடும். வராவிட்டால் பலகை ஒரு பக்கம் போகும், உடம்பு இன்னொரு பக்கம் போகும், நடுவில் எலும்பு நிற்கும்.

ஆகவே அந்த வேலையின் சூட்சுமம் இறுக்கிப் பிடிக்க வைப்பதில் இல்லை. எப்போது விட வேண்டுமோ அப்போது விட வைப்பதில் இருக்கிறது.

அக்கா அதை அளந்து பார்க்க ஒரு வழி வைத்திருந்தாள். பலகையை மேசைப் பிடியில் இறுக்கிவிட்டு, பூட்ஸுக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுக் காலை நுழைத்து ஏறி நிற்பாள். எதிர்ச் சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தாள். அதன் மேல் முகம் குப்புற விழுவாள். படாரென்று குதிகாலிலிருந்து தட்டு கிளம்பி வந்தால் பலகை தண்ணீருக்குப் போகலாம். பெட்ரோல் ஊற்ற வருகிற டிரைவர் வாசலில் நின்று சிரிப்பார்.

"என்ன அக்கா, இன்னிக்கும் மெத்தைக்கு முத்தமா?"

"வாங்கண்ணே, உங்களுக்கும் ஒண்ணு மாட்டி விடறேன். விழுந்து பாருங்க. தொப்பை முதல்ல இறங்குதா, நீங்க இறங்குறீங்களான்னு தெரிஞ்சுக்கலாம்."

காளான் தலைகள் தேயும். மணல் அடைக்கும். அவள் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பட்டை வேண்டுமென்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. "தொடைச்சு ஒட்டும்மா. துணியா அது, கிழிஞ்சு போறதுக்கு?" என்றார் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமை, கிளப்பை விரிவாக்கப் பணம் போட இருந்தவர்கள் குடும்பத்தோடு வந்து குடை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டாவது மிதவையில் மீன்கொத்தியின் தட்டு தானாகக் கழன்றுகொண்டது. பலகை ஒரு திக்கில் மிதந்தது. பூட்ஸும் தட்டுமாக அவன் தவளைபோல் தத்திக் கரையேறினான். விருந்தாளிகளின் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தன.

முதலாளி சிரிக்கவில்லை. "நான் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் குடுக்கிறேனா, கோமாளிக்கா? அடுத்த வாரமும் அவங்க வர்றாங்க. அன்னிக்கும் கழண்டுச்சுன்னா உன் தம்பி வேற ஏரி பாத்துக்கட்டும்."

மானம் போன பிறகு புதுப் பட்டைச் சுருள் மறுநாளே வந்துவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருந்த இடத்தில் இருந்த அளவுக்கே அக்கா புதியதை ஒட்டினாள். ஏறி நின்று விழுந்தாள். படார். சரியாக வந்தது. அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் பாதிச் சுருள் மிச்சமிருந்தது.

"அதை என்ன, அழகு பாக்கவா வச்சிருக்கே? சந்து பொந்தெல்லாம் ஒட்டு."

"சார், கூட ஒட்டினா கழலாது."

"கழலக் கூடாதுன்னுதானே சொல்றேன்!"

அவர் போன பிறகு தம்பி வந்தான். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஒட்டிடுக்கா."

"உனக்கென்ன பைத்தியமா? புதுப் பட்டை நல்லாப் பிடிக்குதுடா. இதுவே போதும்."

"போதும்னு நீ சொல்றே. போன வாரமும் நீதான் மாட்டிக் குடுத்தே. நான் தவளை மாதிரி தத்தி வந்தேன். அந்தக் குட்டிப் பிசாசுங்க சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. நான் விழ மாட்டேன். விழாதவனுக்கு எதுக்குக் கழலணும்?"

அவள் மிச்சச் சுருளை வெட்டினாள். குதிகாலுக்கு அடியில், ஓரங்களில், நடுவில், எங்கெல்லாம் வெறும் பலகை தெரிந்ததோ அங்கெல்லாம் ஒட்டினாள். பிறகு வழக்கம்போல் ஏறி நின்று விழுந்தாள். தட்டு வரவில்லை. மெத்தையை எட்டுவதற்கு முன்பே கணுக்காலில் சுரீரென்று வலித்தது. மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். தம்பி ஓடிவந்து தாங்கினான்.

"வரலடா," என்றாள்.

"அதான் வேணும்," என்று சிரித்தான் அவன்.

அடுத்த ஞாயிறு அதே குடைகள், அதே விருந்தாளிகள். மூன்றாவது மிதவையில் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொண்டது. எந்த ஆட்டக்காரனுக்கும் நேர்கிற சாதாரண விழுகை. உடம்பு முன்னால் பறந்தது. தட்டு பலகையை விடவில்லை. முன்கால் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பின்கால் மாட்டிக்கொண்டது. டிரைவர் படகைத் திருப்பி அவனைத் தூக்கியபோது, பூட்ஸின் விளிம்புக்கு மேலே கால் இன்னொரு மூட்டு முளைத்ததுபோல் மடங்கித் தொங்கியது.

மாலைக்குள் கிளப் முழுக்க ஒரே பேச்சு. கண் பட்டுவிட்டது. நேரம் சரியில்லை. தலைவிதி. முதலாளியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மீன்கொத்தியின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விதிம்மா, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். வேடிக்கையான விதி. அது எப்போதும் கயிற்றின் இழுபடும் முனையில் இருப்பவனைத்தான் தேடி வருகிறது. படகில் உட்கார்ந்து இழுப்பவனையோ, கரையில் குடை பிடித்து நிற்பவனையோ அது தேடிப் போனதாகக் கேள்வியில்லை. விதி என்று ஒருவன் சொன்னால், யாருடைய கை அங்கே மறைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

அரசாங்கத்திலிருந்து விபத்தை விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் முதலாளியே விதியைக் கைகழுவிவிட்டார். அக்காவின் அறைக்கு வந்து, எப்போதும் இல்லாத வழக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உன் தம்பி கேட்டானா இல்லையா?"

"கேட்டான்."

"அவ்வளவு சொன்னாப் போதும். அவனே கேட்டு, அவனே ஒட்டிக்கிட்டான். உன் வேலை அப்படியே இருக்கும்."

அவள் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் இதற்குப் படிப்பு தேவைப்படவில்லை. தம்பியே ஒட்டிக்கொண்டான் என்றால் வைத்தியம் அவன் பாடு. காலில் கம்பி வைத்தாயிற்று. இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளப் ஆள் ஒட்டினாள் என்றால் வைத்தியம் கிளப்பின் தலையில். அம்மா இரவெல்லாம் அழுதாள். "விதின்னு விட்டுடேண்டி. உன் வாயால நீயே ஏன் சொல்லிக்கணும்? தம்பி காலை அக்காவே ஒடிச்சான்னு ஊர் சொல்லாதா?"

"விதிக்குப் பட்டை வெட்டத் தெரியாதும்மா," என்றாள் அக்கா.

அதிகாரியின் முன்னால், முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவள் சொன்னாள்: "ஒட்டினது நான். ஒட்டச் சொன்னது இவர். கழலாதுன்னு எனக்குத் தெரியும். இவருக்கும் சொன்னேன்."

முதலாளி, "நானா? எனக்கு இந்தப் பட்டை கிட்டையெல்லாம் என்னங்க தெரியும்?" என்று கை விரித்தார். அதிகாரி அதை நம்பினார். நம்புவதற்கு அதுதான் வசதியாக இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. சொன்னவனுக்கு ஓர் அறிவுரை, செய்தவளுக்கு வேலை நீக்கம். இதற்குப் பெயர் நீதி. வைத்தியம் மட்டும் கிளப்பின் தலையில் விழுந்தது. அவள் வேண்டியதும் அதுதான். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஏரியும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது ஒரு கடையில் வாஷிங் மெஷின்களுக்கு பெல்ட் மாற்றுகிறாள்.

மீன்கொத்தி ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறான். இனி ஓடுவதுதான் கஷ்டம் என்றார் டாக்டர்; தண்ணீரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா வேலை விட்டு வந்ததும் அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்து, பாதத்தைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டுவாள். ஒருநாள் அப்படி நீட்டிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"அன்னிக்கு நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"நீ சும்மா இருந்திருப்பியா? காவலாளியை விட்டாவது ஒட்டிட்டுப் போயிருப்பே."

"போயிருப்பேன்தான்." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அப்ப ராத்திரி கால் குடையுறப்போ, திட்டறதுக்குக் காவலாளியும் முதலாளியும் மட்டும்தான் இருந்திருப்பாங்க. இப்ப நீயும் இருக்கேக்கா."

அவள் பாதத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மடக்கினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.