கரடியோடு தேநீர் குடித்த ஆவணி

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனதே இல்லை. அப்படிப்பட்டவர் மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அந்த வாரத்தில், வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கடற்கரைப் பக்கம் இருந்த ஃபன் ஃபேரில் பிள்ளைகளுக்கென்று ஒரு தேநீர் விருந்து. கரடி வேஷமும் முயல் வேஷமும் கட்டிய ஆட்கள் மேசைக்கு மேசை வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கேக் சாப்பிடுவார்களாம். டிக்கெட்டிலேயே கரடிப் படம் போட்டிருந்தது.

"யாரு புள்ளைய கூட்டிட்டுப் போறோம்?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல. நாம ரெண்டு பேருதான்."

"நாம போயி அங்க என்ன செய்யறது?"

"சாப்பிடறதுதான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் பிள்ளைச் சத்தம் கேட்காத வீடு எங்களுடையது ஒன்றுதான். அது ஊருக்கே தெரியும். அந்த வீட்டு ஆள் போய்ப் பிள்ளைகள் விருந்துக்கு டிக்கெட் வாங்கி வருகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கிண்டலா, ஆறுதலா? கேட்டால் பதில் வராது. தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி வேலை அவருக்கு. அங்கே நாள் முழுக்கப் பேச்சைச் செலவழித்துவிட்டு வருவாரோ என்னவோ, வீட்டுக்குள் நுழைந்தால் வாயில் கொழுக்கட்டைதான்.

மற்ற நாளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த ஆவணி அப்படிப்பட்ட ஆவணி இல்லை. செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய மகனோடு இருந்த என் மாமியார், ஆடி பிறப்பதற்கு முன்பே வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். என் புருஷனுக்கு இரண்டாம் தாரமாக. அந்தக் காலத்தில் சட்டம் தடுக்கவில்லை, ஊரும் தடுக்கவில்லை. "ஆடி கழியட்டும், ஆவணியில தட்டு மாத்திக்கலாம். ஒன்ன யாரும் வெளிய போன்னு சொல்லல. நீ பாட்டுக்கு இருந்துக்க," என்று நான் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவைப் பஸ் ஏற்றிவிடப் போனவர் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்தார்.

ஆடி முழுக்க நான் தூங்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சரி என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் சண்டை போடுவதையே விட்டுவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வியாதி என்று. ஆவணியும் பிறந்தது. மாமியாரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. வந்தது கரடி டிக்கெட்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரி சாரோங் கெபாயா கட்டுவாள், நெற்றியில் திருநீறு பூசுவாள், என்னோடு மலாயில்தான் பேசுவாள். "அக்கா" என்று கூப்பிடுவது மட்டும் தமிழ். டிக்கெட்டைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் சொந்தக்காரி ஒருத்தி நேர்ந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போட்டதையும், மறு வருஷமே அவள் மடி நிறைந்ததையும் சொன்னாள். "இதுவும் அப்படித்தான் இருக்கும் அக்கா. பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள்," என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. மாமியார் தோட்டத்தில் ஒரு சோசியர் உண்டு, அவரைக் கேட்காமல் மாமியார் கோழிகூட அடைவைக்க மாட்டார். பரிகாரம்! பெண்ணைப் பேசி முடிப்பதற்கு முன்னால் எனக்குக் கொடுக்கிற கடைசி வாய்ப்பு! அதிலும் கரடி வேறு. பயந்த பிள்ளைகளுக்கும் நோஞ்சான் பிள்ளைகளுக்கும் கரடி மயிரைத் தாயத்தில் வைத்துக் கட்டுவது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தானே? பிள்ளையும் கரடியும் ஒரே இடத்தில் என்றால் வேறென்ன? இந்த மனுஷனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். இப்படி எல்லாவற்றையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஒரு மாதமாகப் புரியாமல் தவித்தவளுக்குத் தப்பாகவாவது ஒன்று புரிந்ததில் அத்தனை நிம்மதி.

விருந்தன்று விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மஞ்சள் புடவை கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்குச்சட்டியில் நிரப்பினேன். வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு தாம்பாளமும் எடுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார். "அங்கயே திங்கறதுக்குக் குடுப்பாங்களே," என்றார். "எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே.

பேச்சாவில் போனோம், அதுதான் எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா. வழியெல்லாம் மூங்கில் வளைவும் புதுக் கொடியுமாக இருந்தது. ஃபன் ஃபேர் வாசலில் டிக்கெட் கிழித்த சீனர் எங்கள் பின்னால் எட்டி எட்டிப் பார்த்து, பிள்ளைகள் எங்கே என்று மலாயில் கேட்டார். இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்றார் இவர். சீனர் டிக்கெட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே வழிவிட்டார்.

உள்ளே கொட்டகை முழுக்கப் பிள்ளைகள். மேசைகளும் நாற்காலிகளும் குட்டை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே நின்றன. நான் உட்காரவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து மேசைமேசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி பொங்கல் வைக்க ஆரம்பித்தேன். ஃபன் ஃபேர் ஆட்கள் என்னையும் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஒருத்தி காலித் தட்டுகளை என் கையில் அடுக்கினாள். சட்டி காலியானதும் வந்து உட்கார்ந்தேன். மேசையில் கேக் வந்தது. முட்டை போட்டது, விரதத்துக்கு ஆகாது என்று தொடவில்லை. அவர் மட்டும் தலையைக் குனிந்து, சின்னச் சின்னத் துண்டாக, அது தீர்ந்துவிடக் கூடாது என்பதுபோலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே குழப்பம். பரிகாரம் எனக்கு என்றால் இவர் ஏன் இவ்வளவு பக்தியாகச் சாப்பிடுகிறார்?

அப்போதுதான் கரடி வந்தது. ஆளுயரத்துக்கு மேலே, கறுப்பு மயிர்த் துணி, கையில் ஒரு கட்டுக் காகிதக் கிரீடம். மேசைக்கு ஒரு பிள்ளையாகப் பார்த்துத் தலையில் வைத்துக்கொண்டே வந்தது. எங்கள் மேசைக்கு வந்து நின்றது. என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தது. அங்கேயும் பிள்ளை இல்லை. பக்கத்து மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் வந்த காரியம் முக்கியம் இல்லையா? எழுந்து தாம்பாளத்தை நீட்டினேன். கரடி பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அது அசந்த நேரம் பார்த்து, அம்மா தாயே என்று நினைத்துக்கொண்டு, அதன் கையிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கினேன்.

"ஐயோ அக்கா! பிய்க்காதீங்க! வாடகைத் துணி!" என்று கரடி தமிழில் கத்தியது.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் இடித்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"அலாமாக்! என்ன செய்யற நீ?"

"தாயத்துக்கு!"

"எந்தத் தாயத்து?"

"பரிகாரத்துக்கு! உங்கம்மாவோட சோசியரு சொன்னதுக்கு!"

"எந்தச் சோசியரு?" என்றார். அந்த முகத்தில் பொய் இல்லை. என்னைவிட அதிகமாகக் குழம்பிப்போயிருந்த முகம் அது. என் கையில் கரடி மயிர் அப்படியே இருந்தது.

"பின்ன எதுக்குய்யா என்னை இங்க இழுத்துட்டு வந்தீங்க?"

கரடி போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பழத்தோடு நின்றது. அவர் கேக் தட்டைப் பார்த்தபடியே பேசினார். நான் கேட்டதிலேயே அதுதான் அவருடைய நீளமான பேச்சு.

"சின்னப்புள்ளையில தோட்டத்துல மேனேஜர் பங்களாவுல கிறிஸ்மஸுக்கு இந்த மாதிரிதான் மேசை போடுவாங்க. தொரை புள்ளைங்களுக்கு. கரடி வேஷம் போட்டு ஒருத்தர் வருவாரு. நாங்க வேலிக்கு வெளிய நின்னு பாப்போம். ஒரு தடவையாவது அந்த மேசையில உக்காரணும்னு இருந்துச்சு. இப்பதான் தொரைங்கல்லாம் கெளம்பறாங்களே. பெரியவங்க மட்டும் வரக்கூடாதுன்னு டிக்கெட்டுல எழுதல. தனியா வர வெக்கமா இருந்துச்சு. அதான் ஒன்னையும் கூட்டியாந்தேன்."

இதற்கு நான் என்ன சொல்ல? சிரிப்பதா, தூக்குச்சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்ப்பதா? வயிறு வேறு காலையிலிருந்து காய்கிறது. ஆடி மாதம் முழுக்க அடக்கிவைத்தது அத்தனையும் அந்தக் குட்டி நாற்காலியில் உடைந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"உங்கம்மா பாத்த பொண்ணு! தட்டு மாத்தப் போற பொண்ணு!"

"அதுவா? அது அன்னிக்கே முடிஞ்சு போச்சே. பஸ் ஏத்திவிடப் போனப்பவே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"கொறை என்கிட்டதான்னு. இன்னொருத்திய கட்டினாலும் புள்ள வராது, டாக்டரு பாத்துச் சொல்லிட்டாருன்னு."

ஓர் ஆண்பிள்ளை பெற்ற தாயிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மாமியார் வாயில் விழுந்தது தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். அண்ணன்காரன் முகத்தில் எப்படி விழித்தார்? அத்தனையையும் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன்.

"எந்த டாக்டரு? நீங்க எப்பப் போனீங்க?"

அவர் என் தட்டை என் பக்கமாகத் தள்ளினார். "கேக் நல்லாருக்கு. சாப்பிடு."

"போனீங்களா, இல்லையா?"

"சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். "அக்கா, அழாதீங்க, புள்ளைங்க பயப்படுதுங்க," என்று கரடி ரகசியமாகச் சொன்னது. பாவம், கையில் மிஞ்சியிருந்த கிரீடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து காட்டினார். எண்ணெய் தடவி வகிடெடுத்த அந்தக் கிராணித் தலையில் கரடி கிரீடத்தை வைத்தது. பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்ததை அவர் சட்டைசெய்யவே இல்லை.

டாக்டரைப் பார்த்தாரா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று நான் அன்றைக்குப் பேச்சாவில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், சண்டை போட்டும் கேட்டேன். ஒன்றும் பெயரவில்லை. குறை யாரிடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில் கேட்பதற்குப் பயம் வந்துவிட்டது. பிறகு கேட்கத் தோன்றவில்லை.

ஆவணி கடைசியில் மாமியார் வந்தார். வந்ததும் நேரே அடுப்படிக்குள் நுழைந்து சட்டிகளைத் திறந்து பார்க்கிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க அத்தை என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார். மகன் வேலைக்குப் போய்விட்டாரா என்று கேட்டுக்கொண்டார். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எம் புள்ளைய விட்டுட்டுப் போயிடாத தாயி," என்றார். "ஒனக்கும் வயசு இருக்கு. போனா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா அவன் தாங்க மாட்டான்."

அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம் அத்தை என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னைக் காப்பாற்றிய வார்த்தை அது, அதை நானே எப்படி உடைப்பது? உடைக்காமல் இந்த அம்மாவை எப்படி அழவிடுவது? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

"நான் எங்க அத்தை போகப்போறேன்," என்றேன். அதற்குப் பிறகும் அவர் என் கையை விடவில்லை.