அவர் சொல்லாத பெயர்

மேடவாக்கத்தில் குடியிருந்தபோது, காலையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம் நடக்கப் போவேன். அங்கே ஏரியிலிருந்து ஒரு சிறிய ஓடை கிளம்பி, கோரைப்புல்லுக்குள் மறைந்து, காலி மனைகளைச் சுற்றிக்கொண்டு சதுப்புநிலத்துக்குப் போகும். எருமை மேய்க்கும் ஒரு பெண்ணை அங்கேதான் பார்ப்பேன். ஒடிசலான உடம்பு. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஓடையில் கணுக்கால் அளவே தண்ணீர் இருந்தாலும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

ஒரு பனிக்காலையில் கேட்டேன். "இந்த ஓடைக்கு என்ன பேருக்கா?"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "எங்க வூட்டுக்காரர் பேரு சார். அத நான் எப்படி சொல்றது?"

பிறகு அவரே விவரம் சொன்னார். ஒரு பெருமழையில், கரையோரம் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடக் கணவர் வெள்ளத்தில் இறங்கினாராம். மாடுகள் கரையேறின. அவர் ஏறவில்லை. அன்றிலிருந்து ஊரார் ஓடையை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

"தனியா இருக்கும்போதாவது சொல்லிப் பார்ப்பீங்களா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கூப்ட்டா திரும்பிப் பாப்பாரு சார். பாத்தா அப்படியே நின்னுடுவாரு. வாணாம், அவரு பாட்டுக்கு போய்க்கினே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். எருமைகள் பனிக்குள் அவர் பின்னாலேயே போயின.

நான் இப்போது நாவலூரில் இருக்கிறேன். ஓடையின் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. மேடவாக்கத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள். வேறொருவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குத்தான் பிடிக்கவில்லை.