பாலர் பாடசாலை வாசலில்

கற்பிட்டியில் என் மகனுக்குப் படிப்பித்த பாலர் பாடசாலை டீச்சரின் அபாயாக் கையில், பொத்தான் அறுந்த சட்டைகளுக்கென்று எப்போதும் ஊக்குகள் குத்தியிருக்கும். பள்ளி விட்டதும் வாசலை மறித்து நிற்பார். பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் எந்தத் தாயையும் போகவிட மாட்டார். வெங்காயத் தோட்டத்துக்கு ஓட வேண்டிய எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேன். “எண்ட மகன் குழப்படியே செய்றதில்லையா டீச்சர்? நல்லத மட்டும்தான் செல்றீங்க.”

“குழப்படிய ஊட்டுலயே பாப்பீங்கதானே. நீங்க காணாததத்தான் நான் செல்ற. இன்டைக்கு ஒரு புள்ள அழுதிச்சு. ‘உம்மா வருவா, பயப்படாத’ண்டு உங்கட மகன்தான் சென்னார்.”

அன்று காலையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டு அலறியவன் அவன்.

மறுநாளும் அலறினான். விட்டுவிட்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் அவனைத் தேற்றவில்லை. அழுதுகொண்டிருந்த இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

இதை மட்டும் அவர் வாசலில் சொன்னதேயில்லை.