பங்குனியிலும் கழற்றாத மாலை

அந்த வருஷம் ஐயப்பனுக்குப் போட்ட மாலையை அப்பா கழற்ற அம்மா விடவே இல்லை. கார்த்திகையில் போட்டது. மலைக்குப் போய் வந்து, தை போய், மாசி போய், பங்குனியும் பிறந்துவிட்டது. கறுப்பு வேட்டி வெளுத்துச் செம்பட்டையாகிவிட்டது. தாடி நெஞ்சைத் தொட்டது. கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில், "இன்னா சாமி, ஐயப்பன் இன்னும் உங்கள வூட்டுக்கு வுடலியா?" என்று கேட்காத ஆள் இல்லை.

மாலை கழுத்தில் இருந்தால் அப்பா குடிக்க மாட்டார். அதுதான் விஷயம். முந்தைய வருஷங்களில் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றிய கையோடு நேரே சாராயக்கடைக்குத்தான் போனார்.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எட்டு வயசில், எங்கள் வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி இருக்கிறார்கள் என்றே எனக்கு நினைப்பு. சாமி எனக்குத் தலை வாரிவிடுவார். அப்பா வந்தால் நான் நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

ஒரு நாள், அப்பாவை மலைக்குக் கூட்டிப்போன குருசாமி வீட்டுக்கே வந்து, "கடவுளையே காவலுக்கு நிறுத்தி வெச்சிருக்கியேம்மா, இது நல்லாருக்கா?" என்று கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மாலையின் நூல் நைந்துபோனபோது அம்மா அதில் ஒரு மணியை மட்டும் கயிற்றில் கோத்து அப்பா கழுத்தில் கட்டிவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு என்னோடு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். அங்கே மணி விற்கும் பாய், "சீசன் முடிஞ்சி எத்தினி நாளாச்சி, இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டதுதான் தாமதம், யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டாள். அவர் மணிகளைக் கோத்துக்கொண்டே கேட்டார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க மாதா கோயில் ஸ்கூல்ல ஞாயித்துக்கெழம குடிய வுட்டவங்க கூடறாங்க. என் மச்சானும் போய்க்கினு இருக்கான். காசு ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அனுப்பிப் பாருங்கம்மா."

அந்த ஞாயிறு, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் இல்லை. போகாமல் இருக்க அப்பாவுக்கு அது நல்ல சாக்காக இருந்தது.

"சபரிமலைக்கு நடந்தீங்களே சாமி," என்று சொல்லி அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

அந்தக் காலையை இப்போதும் சில நாள் கனவில் காண்கிறேன். வழியெல்லாம் புளியமரங்கள் மறியலுக்காக வெட்டுப்பட்டு, இலை வாடாமல், ரோட்டின் குறுக்கே படுத்திருந்தன. அண்ணாந்து பார்த்த உச்சிக்கொம்பெல்லாம் என் இடுப்புக்கு வந்திருந்தது. ஒரு கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், இரண்டு முட்டை உடையாமல் இருந்தது. வண்டிச் சத்தம் கிடையாது. கரும்புத் தோகை உரசுவது மட்டும் கேட்டது. பின்னால் கல்வராயன் மலை நீலப் புகையாக நின்றது. சாமி என்னைத் தூக்கித் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டார். கால் தரையில் படாமலே போவதுபோல இருந்தது எனக்கு.

மாதா கோயில் ஸ்கூலில் ஏழெட்டுப் பேர் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிகாரன்" என்றார்கள். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு அடிதடி நடக்கும். இங்கே ஆஜர் சொல்வதுபோலச் சொன்னார்கள். சாமியின் முறை வந்தது. எழுந்தார். மாலையைப் பிடித்துக்கொண்டு, "இத கழட்டினா கை நடுங்குதுங்க" என்றார்.

"எங்களுக்கு மட்டும் நிக்குதா?" என்றார் பாயின் மச்சான். கையில் டீ கிளாஸ் ஆடியது. "நடுங்கற கையாலயே டீயக் குடிங்க. நாளைக்கு இன்னா ஆவும்னு இன்னிக்கு ரோசன பண்ணாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் பாத்தா போதும்."

கூட்டம் முடிந்ததும், மாலையை இன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்று சாமி சொல்ல, எல்லோருமே எங்களோடு பிள்ளையார் கோயில்வரை வந்தார்கள். சாமி தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே நின்றிருந்த பாயின் மச்சான் தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் தள்ளினார். "மாலதான் கழட்டியாச்சே, போட்டுக்கினு போங்க, வெயிலு. அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடுத்துடணும், ஆமா."

எங்கள் ஊர் எல்லையில் சாராயக்கடை திறந்திருந்தது. அவர் நின்றுவிட்டார். ஐயப்பா ஐயப்பா என்று முனகிக்கொண்டு மாலையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினேன். "சாமி, போட்டுக்கோங்க சாமி."

வெகுநேரம் மாலையைப் பார்த்தார். "வேணாம் பாப்பா. அப்பான்னு கூப்புடு," என்று சொல்லிவிட்டு நடந்தார். செருப்பு அவருக்குப் பெரிசு. டப் டப் என்று அடித்தது.

வீடுவரை முயன்றும் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

பொழுது சாய, நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "சாமி வந்துட்டாராடி?" என்றாள்.

"சாமி வரலம்மா. அப்பா வந்திருக்காரு."

ஊதுகுழல் கீழே விழுந்தது. அம்மா வாசலுக்கு ஓடி, அவர் முகத்தை இழுத்துப் பிடித்து மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். டீ வாசமும் கற்பூர வாசமும்தான். அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடிபட்ட நாளில்கூட அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்து, மாலையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.