கராஜில் பாடும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஊழியம்

ஊழியக் குழுவுக்கு வான் ஓட்டுகிறவன் ஜெபிக்கவும் வேண்டாம், பிரசங்கிக்கவும் வேண்டாம். ஆனால் வெட்கப்பட வேண்டி வந்தால் அவனுக்கும் சம பங்கு உண்டு. இரவு வேலை முடித்து, கண் எரிய எரிய சேர்ச் காரியங்களுக்கு இழுபட்டவர்களுக்கு இது விளங்கும். பகலில் சும்மா இருக்கிறவர்கள் என்று எங்களைத்தானே பிடிப்பார்கள்? பாண் சுடுகிற ஃபக்டரியிலிருந்து நேரே வந்த ஒரு சனிக்கிழமை அப்படித்தான் பிடித்தார்கள். பர்மாவிலிருந்து தாய்லாந்து முகாம் வழியாக வந்த கரேன் இன அகதிப் பிள்ளைகள் ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடியிருந்தார்கள். அவர்களோடு ஒரு நாள் கழிப்பதாக ஏற்பாடு.

பெயர் அட்டை

பிள்ளைகளின் பட்டியல் முதல் நாளே வந்திருந்தது. குழுத் தலைவி கிரேஸ் அன்ரி ஓய்வுபெற்ற ரீச்சர். "உம்முடைய எழுத்து வடிவு, நீரே அட்டையளை எழுதும்" என்றா. சின்ன அட்டை, ஒரு சொல்லுக்குத்தான் இடம். பட்டியலில் முன்னுக்கு நின்ற சொல்லை எழுதினேன். ஒன்பது பெண்பிள்ளைகளுக்கும் 'நோ', ஏழு பொடியன்களுக்கும் 'சோ'. எல்லாருக்கும் ஒரே பெயரா என்று ஒருதரம் யோசித்தேன். நித்திரை வந்தது, விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாத கூத்தா இது? படிவத்தில் முன்னுக்கு நின்றது அப்பாவின் பெயர் என்பதால் சுப்பர்வைசர் பன்னிரண்டு வருசமாக என்னை அப்பாவின் பெயராலேயே கூப்பிடுகிறான். செத்துப்போன மனிசனைப் பாண் தட்டு எடுத்து வரச் சொல்லி ஏவுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறவன் நான். செர் மூ என்ற எட்டு வயதுப் பிள்ளை ஒன்பது அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, என் மனம் நோகாத மாதிரிக் கேட்டாள்: "அங்கிள், 'நோ' என்றால் 'மிஸ்' மாதிரி. நாங்கள் எல்லாருமே நோதான். இதில் நான் எது?"

தெரியாதவர்களுக்குத் தெரிவித்தது

கிரேஸ் அன்ரி பலகையில் படங்களை ஒட்டி, "இயேசு என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டா. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவவின் கதையைக் குழப்பக் கூடாதென்று ஒருத்தரும் ஓம் சொல்லவில்லை. தொழுவத்திலிருந்து சிலுவை வரை நாற்பது நிமிடம் போனது.

முடிந்ததும் அவர்களுடைய மூப்பர் கையைச் சற்றே உயர்த்தினார். கோழி இறைச்சி ஃபக்டரியில் இரவு வேலை செய்கிற மெலிந்த மனிதர். பதினாறு பிள்ளைகளும் மூன்று குரலாகப் பிரிந்து ஒரு கீர்த்தனையைப் பாடினார்கள். பாட்டுப் புத்தகம் இல்லை, வாத்தியமும் இல்லை. எங்கள் பாடகர் குழு மாதக் கணக்கில் பழகியும் தொடாத சுருதி. மூப்பரின் பூட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களாம். அன்ரி என் பக்கம் சரிந்து, உதடு அசையாமல் சொன்னா: "தம்பி, வானுக்குள்ள இருக்கிற அந்தத் துண்டுப்பிரசுரப் பெட்டியை இறக்காதையும்."

படம்

ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டும். பரிசுப் பைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இந்தியாவில் அகதி முகாமில் தானமாகத் தந்த வாளியோடு இப்படி நிற்கவைத்தபோது, அந்த வாளியாலேயே முகத்தை மறைத்தவன் நான். இப்போது கமரா என் கையில் இருந்தது. கொஞ்சம் சிரிக்கவும் சொன்னேன். செர் மூவின் தங்கை பையை இறக்காமலே கேட்டாள்: "படம் எடுத்த பிறகு இதைத் திருப்பித் தர வேண்டுமா?"

மூப்பர் கேட்டது

வானில் சாமான் ஏற்றும்போது மூப்பர் வந்தார். நாற்பது பேர் ஒருவருடைய கராஜில் ஞாயிறு காலை ஆராதனை நடத்துகிறார்களாம். பாட்டுச் சத்தமென்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்து, நகரசபையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. எங்கள் தமிழ்ச் சபையின் மண்டபத்தைத் தருவது பற்றிப் பேசத்தான் நாங்கள் வருகிறோம் என்று நினைத்து, காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார். எங்கள் ஆராதனை பின்னேரம் நாலு மணிக்கு. காலையில் மண்டபம் பூட்டியே கிடக்கும். அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, நான் கமிட்டியில் பேசுகிறேன் என்றேன்.

கமிட்டியில் டாக்குத்தர்மார், கணக்காளர்மார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சமெல்லாம் நானாகப் படித்தது. சொல்ல வேண்டியதை இரவு முழுக்கப் பாண் தட்டுகளுக்கு முன்னால் நின்று பாடமாக்கியிருந்தேன். மண்டபக் கதை எடுபட்டதுமே தலைவர் முந்திக்கொண்டார்: "சமைப்பினம், கார்ப்பெற் நாறும், பிறகு எழுப்பவும் ஏலாது." முன்பு நாங்கள் மண்டபம் கேட்டபோது ஒரு வெள்ளைக்காரச் சபை எங்களுக்குச் சொல்லி, நாங்கள் மாதக் கணக்கில் பொருமித் திரிந்த அதே வசனம். கிரேஸ் அன்ரி என்னைப் பார்த்தா. "தம்பி, நீர் ஏதோ சொல்ல வந்தனீர் எல்லே?" பாடமாக்கியது முழுக்க ஞாபகத்தில் இருந்தது. இல்லை அன்ரி என்றேன். தலைவர் தாளைப் புரட்டினார். "அப்ப சரி. அடுத்தது, தேத்தண்ணிப் பொறுப்பு ஆருக்கு?"

மறுமொழி

மறுமொழி சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டு, பிறகு அவரைக் கூப்பிட்டேன். இடம் ஒதுக்க வசதியில்லை என்றேன், நானும் கமிட்டி மாதிரி. அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் குரலை வைத்து என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "பரவாயில்லை, பிரதர். எங்களுக்கு மெதுவாகப் பாடத் தெரியும். காட்டில் ஒளித்திருந்தபோது பட்டாளத்துக்குக் கேட்காமல் அப்படித்தான் பாடினோம்."

ஆண்டறிக்கையில் அந்தச் சனிக்கிழமையை 'மிகவும் ஆசீர்வாதமான நாள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்து, பிழையொன்றும் இல்லையென்று ஒப்பமிட்டுக் கொடுத்தவன் நான்தான்.