எஃபி கௌர்லேயின் சனிக்கிழமை

கார்ன்பிரே ரோவர்ஸ் கால்பந்துச் சங்கத்தின் முதல் கோல் கம்பங்கள் எஃபி கௌர்லேயின் துணிக்கொடிக் கம்பங்கள்தான். சாயப்பட்டறையில் செத்துப்போன அவள் கணவன் நட்டவை. தெருவுக்குப் பின்னால் இருந்த புல்வெளியின் இரு முனையிலும் இரண்டிரண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் குறுக்கே அவள் கொடிக்கயிறு. பந்து கயிற்றுக்குக் கீழே போனால் கோல்.

அந்தத் தெருவில் ஆறு வீடு, ஒரு சலவைக் கொட்டகை, ஒரு சாவி. ஞாயிறு கர்த்தருடையது, மற்ற நாட்களில் சாவி வீடு வீடாக மாறும்; சாவி உள்ள வீட்டுக்கே அன்று கொட்டகையும் கொடியும். எஃபிக்குச் சனிக்கிழமை. ஊரார் கோயிலுக்குப் போடும் சட்டைகளை அன்று துவைத்துக் காயவைத்துக் கொடுத்தால்தான் அவள் அடுப்பு எரியும். பையன்கள் ஈரத்துணிகளுக்கு நடுவே புகுந்து விளையாடிய காலத்தில் அவள் திட்டியதுண்டு. ஆனாலும் அவர்களுடைய நீலச் சட்டைகளைச் சும்மாவே துவைத்துக் கொடுத்தாள்.

1879இல் சங்கம் கோப்பைப் போட்டியில் சேர்ந்தது. பட்டறை மேலாளர் துல்லக் சங்கத் தலைவரானார். அந்த வாரமே எஃபியின் கதவைத் தட்டினார்.

"இனிமே சனிக்கிழமை மைதானம் சங்கத்துக்கு. நீ வேற நாள் பாத்துக்கம்மா."

"எந்த நாளுங்க ஐயா? திங்கள் மெக்ரே வீட்டோடது, செவ்வாய் டோரா வீட்டோடது. ஞாயித்துக்கிழமை தொவைச்சா பாதிரியார் என்னையே தொவைச்சுப்போடுவாரு."

"நாலு துணிக்காக ஊர் மானத்த விடச் சொல்றியா?"

"உங்க ஊர் மானமும் அந்த நாலு துணியிலதாங்க தொங்குது."

துல்லக் திரும்பி நடந்தார். எஃபி கதவை அறைந்து சாத்தினாள். கம்பம் அவளுடையது, கயிறு அவளுடையது, நாளும் அவளுடையது. பறிக்க வந்தவன் கேட்கக்கூட இல்லை, அறிவித்துவிட்டுப் போகிறான்!

சனிக்கிழமை மதியம் வெளியூர் அணி வந்து இறங்கியபோது இரண்டு கோலிலும் ஈரப் படுக்கை விரிப்புகள் தொங்கின. ஓரத்தில் பதினொரு நீலச் சட்டைகள், சொட்டச் சொட்ட.

"உங்க கோல்கீப்பர் ரொம்ப அகலமா இருக்காரே!" என்று வெளியூர்க்காரன் ஒருவன் கத்தினான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்காவிட்டால் வெற்றி வெளியூருக்கு.

"அவுத்துப் போடுங்கடா!" என்றார் துல்லக்.

ஒருவனும் அசையவில்லை. எல்லாரும் அந்தத் தெருவில் பிறந்தவர்கள். இன்னொரு வீட்டு முறைநாளில் அந்த வீட்டுத் துணியில் கை வைப்பது அங்கே திருட்டுக்குச் சமம். அணித் தலைவன் வாட்டி தலையைச் சொறிந்தான். "எங்கம்மா என்னைக் கொன்னுருவாங்கய்யா. நீங்களே அவுத்துடுங்க."

துல்லக்கும் கை வைக்கவில்லை. ஆறு வீட்டுப் பெண்களும் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே சனிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் இந்த இடம் என்னோடது. அதுக்கப்புறம் உங்களுது. சங்கப் புத்தகத்துல எழுதுங்க," என்றாள் எஃபி.

துல்லக் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். வாட்டி உரக்கப் படித்தான்: "இரண்டு மணிக்கு மேல் மைதானத்திலுள்ள இடையூறு அகற்றப்படும்."

"இடையூறா?" எஃபியின் குரல் புல்வெளியின் அடுத்த முனைவரை கேட்டது. "உங்க கோலே என் கயித்துல நிக்குது! எனக்குப் பேரு இருக்கு. அடிச்சுட்டு எழுதுங்க."

அடித்து எழுதினார். வாட்டி மறுபடி படித்தான். இம்முறை, இரண்டு மணி வரை மைதானம் அவளுடையது என்று அவள் பெயரோடு இருந்தது. அதன் பிறகே அவள் விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கயிற்றை மட்டும் கோலுக்காக விட்டுவைத்தாள்.

ரோவர்ஸ் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. ஈரச்சட்டைதான் காரணம் என்றார் துல்லக்.

"பத்து வருசமா என் கை ஈரத்துலயேதான் இருக்கு," என்றாள் எஃபி. "நான் இன்னைக்குத் தோத்தேனா?"