கிடாவுக்கு ஒரு கோட்டு

கறுப்பு ரெக்சின் துண்டை முழங்காலில் விரித்து, தோலில் குறி போடும், ஈரம் பட்டால் அழியும் வெள்ளிப் பேனாவால் ஒரு கொம்பை இழுத்துக்கொண்டிருக்கிறார் அப்துல் ஹாதி. பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடக்கிறது. தாராவியில் தோல் ஜாக்கெட் தைக்கும் பட்டறையில் அவர் தோல் வெட்டும் கட்டர். மதியம் மிஷின்கள் ஓயும் அரை மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். அதற்குள் சோறும் சாப்பிட வேண்டும், கொலைகாரனையும் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது ஒரு வெள்ளாட்டுக் கிடா. ஆறு வருடமாக வரைந்துவரும் துப்பறியும் படக்கதை. மழை விடாத ஓர் ஊர், கழுதைப்புலி இன்ஸ்பெக்டர், கிளப்பில் பாடும் கீரிப்பிள்ளை, யாரையும் நம்பாத கிடா. எல்லாம் கறுப்பின் மேல் வெள்ளிக் கோடுகள். "இருட்டு ரெக்சின்லயே கிடக்கு சார். வெளிச்சத்தை மட்டும் நான் போடுதேன்" என்கிறார், பட்டறையில் கணக்கு எழுதும் என்னிடம்.

ஒருநாள் திடீரென்று, "நேத்து தாதர் ஸ்டேஷன்ல நின்னான் சார். ஸ்லோ லோக்கல் வந்துச்சு, ஏறல. யாருக்கோ காத்துக்கிட்டிருக்கான்" என்றார். யார் என்று கேட்டால், கிடாவாம். மனுஷனுக்குக் கிறுக்குதான் என்று நினைத்தேன். அன்று மாலை தாதரில் இறங்கியதும் பிளாட்பாரத்தை நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

கிடா போடுவது ரெக்சின் கோட்டு மட்டும்தான், நிஜத் தோல் கிடையாது. இதில் ஹாதிக்குப் பெரிய பிடிவாதம். "ஆட்டுத்தோல் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்லா. அதையே அவனுக்குத் தச்சு மாட்டவா?" இருபது வருடம் தோல் வெட்டிய கை அது. தோலின் சுருக்கத்தையும் ரெக்சினின் மடிப்பையும் வரைகிற கோட்டிலேயே பிரித்துக் காட்டிவிடும்.

இப்போது பாந்த்ராவில் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போடுகிறேன் என்கிறது. ஒரே நிபந்தனை, அட்டையில் கிடாவுக்குப் பளபளக்கும் லெதர் ஜாக்கெட் வேண்டும். இன்று மூன்று மணிக்குள் படம் போகாவிட்டால் புத்தகம் இல்லை. மனைவி சாயிரா காலையிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்: "ஆடுதான, எதப் போட்டா என்னங்க? புக்கா வந்தா எங்க வாப்பா கையில கொண்டு குடுப்பேன்." மருமகன் ஆடு வரைகிறான் என்று ஆறு வருடமும் சிரித்தவர் அந்த வாப்பா.

"புக்கு வேணும் சார். ரொம்ப வேணும்" என்கிறார் ஹாதி, தலை நிமிராமல்.

வரைந்தும் விட்டார். காலர், ஜிப், தோள்பட்டைத் தையல் எல்லாம் அச்சு அசல். பார்த்தால் விலை கேட்கத் தோன்றும். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அவரோ கிடாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கிறது.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஜாக்கெட்டின் மேல் வைத்துத் தேய்க்கிறார், தூங்கும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பது போல மெதுவாக. ஜிப் போகிறது. காலர் போகிறது. கொட்டுகிற மழையில் வெற்றுடம்போடு நிற்கிறது கிடா. ஹாதி போனை எடுத்து அதை அப்படியே படம் பிடித்து பாந்த்ராவுக்கு அனுப்புகிறார்.